“சித்தி, மானிட்டர் மேல பழி போடாதீங்க”

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அதில் சின்ன அறையில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பயிற்சித்தாள் தட்டச்சு செய்ய 2019 இறுதியில் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பாகம் பாகமாகச் சொல்லிச் செய்த கணினி இது. கூடவே 27 அங்குல மானிட்டர், 2560 × 1440 பிக்சல். இந்த ஆறு வருடத்தில் திரை எத்தனையோ முறை இருண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் “மானிட்டர் போச்சு” என்றுதான் முதலில் சொன்னேன். ஒரே ஒரு முறைதான் அது உண்மையாக இருந்தது.

முதல் சம்பவத்தைச் சொல்லவே வெட்கம். 2020 ஏப்ரல், சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கிய வாரம். ஸூம் வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ‘நோ சிக்னல்’. முந்தின நாள் வீடு துடைத்தபோது ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தேன். படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய கேபிளை, மேலே மதர்போர்டில் இருக்கும் துவாரத்தில் செருகிவிட்டேன். தனி கார்டு போட்ட கணினியில் அந்த மேல் துவாரம் பெரும்பாலும் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். இதைத் தொலைபேசியிலேயே கண்டுபிடித்தவன் அக்கா மகன், அப்போது பாலிடெக்னிக் மாணவன். அன்றிலிருந்து என் வீட்டுக் கணினி வைத்தியன் அவன்தான்.

2021இல் கணவரின் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய, பிக்சல் இன்னும் அதிகமுள்ள 4கே மானிட்டர் ஒன்று சில மாதம் என் மேசைக்கு வந்தது. டிராயரில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டேன். படம் வந்தது, ஆனால் மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல நகர்ந்தது. அமைப்புகளில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம்தான். 60க்கு மாற்றினேன், அம்பு சரியானது. ஆனால் பிள்ளைகளின் பிழைகளைச் சிவப்பில் திருத்தும்போது எழுத்து கரைந்தது. கறுப்பு எழுத்து ஒழுங்காக இருக்கிறது, சிவப்பில் ‘ன்’ எழுதினால் மட்டும் புள்ளி காணாமல் போகிறது! ஒரு தமிழாசிரியருக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேண்டுமா?

காரணம் கேபிள் வழியின் அகலம். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியில் 4கே படம் முழு நிறத்தோடு நொடிக்கு 30 தடவைதான் போகும். 60 கேட்டால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நிறத் தகவலில் பாதிக்கும் மேல் வெட்டிவிட்டு அனுப்பி ஒப்பேற்றுகிறது. வெளிச்சத் தகவல் முழுதாக வருவதால் கறுப்பு எழுத்து தப்பிக்கிறது, வண்ண எழுத்து மாட்டிக்கொள்கிறது. நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிளை, கார்டிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ 2.0 என்று இருந்த துவாரங்களில் செருகியதும் புள்ளிகள் திரும்பி வந்தன.

2022இல் வந்ததுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. பழைய 27 அங்குலத்துக்கே திரும்பியிருந்தேன். அதன் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகைப் படக் கேபிள்) மடங்கி நைந்துவிட, மலிவாக ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துக் காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டினால் வந்துவிடும். மறுநாள் காலை அதே கதை. கணினியை அணைத்த பிறகும் உள்ளே ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததை ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். பேய் வீடு மாதிரி.

டிஸ்ப்ளேபோர்ட் முனையில் 20 ஊசிகள் உண்டு. இருபதாவது ஊசி 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் அந்த ஊசியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கக்கூடாது என்பது தரவிதி. மலிவுக் கேபிள் செய்பவர்கள் சிலர் இருபதையும் இணைத்துவிடுகிறார்கள். அதனால் மானிட்டரின் மின்சாரம் கேபிள் வழியாகப் பின்பக்கமாக ஏறி, அணைத்த கணினிக்குள் புகுந்து, கார்டைக் குழப்பிவிடுகிறது. நான் இதற்குள் புது கிராபிக்ஸ் கார்டுக்கு விலை விசாரித்து முடித்திருந்தேன். டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் ‘வெசா’ (VESA) அமைப்பின் சான்று பெற்ற கேபிள் ஒன்றை அக்கா மகன் வாங்கி வந்து மாட்டினான். பேய் ஓடிவிட்டது.

அடுத்ததை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். 2023இல் புது நாற்காலி வாங்கினேன், வாயுத் தண்டில் ஏறி இறங்கும் வகை. அதன் பிறகு வகுப்பு நடுவே திரை இரண்டு விநாடி கறுத்து மீளும். மாணவி ஒருத்திதான் கவனித்தாள்: “டீச்சர், நீங்க எழுந்திருக்கும்போதெல்லாம் போகுது.” எழுந்தேன், போனது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அன்றைக்கு இலக்கணம் நடக்கவில்லை.

அப்போது தேசிய சேவையில் இருந்த அக்கா மகன் வார இறுதியில் வந்து தேடிப் பார்த்தான். இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானாம். வாயுத் தண்டு நாற்காலியிலிருந்து எழும்போதும் உட்காரும்போதும் கிளம்பும் மின்காந்தத் துடிப்பைப் படக் கேபிள்கள் வாங்கிக்கொள்வதை திரை இணைப்புத் தொழில்நுட்பம் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்தத் துடிப்பைக் கிளப்புவது நிலைமின்சாரம். நம் ஊரின் ஈரக்காற்றில் அது தேங்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் வகுப்பறையில் மதியம் முழுக்க ஏர்கான் ஓடுகிறது, இருக்கையோ செயற்கைத் துணி. சிம் லிம் டவரில், கேபிள் வாங்கும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் வாங்கிக் கேபிளின் இரு முனையிலும் மாட்டினேன். முக்கால்வாசி குறைந்தது. கேபிளை நாற்காலிப் பக்கத்திலிருந்து விலக்கி மேசைக்குப் பின்னால் கட்டியதும் அடியோடு நின்றது.

அன்று அவன் சொல்லிக்கொடுத்த இரண்டு சோதனைகளை இன்றுவரை செய்கிறேன். “சித்தி, மானிட்டர் மேல பழி போடாதீங்க, முதல்ல அதோட மெனுவ திறங்க. மெனுவும் ஆடுதா பாருங்க.” பிரகாசம் கூட்டிக் குறைக்கும் அந்தப் பட்டியலை மானிட்டர் தானே வரைகிறது. பின்னால் படம் துடிக்க, மெனு மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கணினியிலோதான். இன்னொன்று, கோடு விழும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைப்பேசியில் பார்ப்பது. கோடு அதிலும் இருந்தால் கார்டு அல்லது மென்பொருள். இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர்.

2024இல் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் படம் சிமிட்டியது. ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரிந்தது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். தற்காலிக நிவாரணம்தான். சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டதும் தீர்ந்தது.

போன வருடம் அக்டோபரில் மறுபடி இருட்டு. பவர் விளக்கு எரிகிறது. கேபிள் மாற்றினேன், கணினியைக் கூடத்துத் தொலைக்காட்சியில் இணைத்தேன், அங்கே படம் வருகிறது. மெனுவைத் திறந்தேன், அதுவும் தெரியவில்லை. அறை விளக்கை அணைத்துக் கைவிளக்கைத் திரையில் சாய்வாக அடித்தால், அடியில் என் பயிற்சித்தாள் நிழல் போலத் தெரிந்தது. படம் இருக்கிறது, பின்னொளி செத்துவிட்டது. திறந்து பார்க்க ஆசைதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று அக்கா மகன் அதட்டியதால் விட்டுவிட்டேன். பழுதுபார்க்கக் கேட்ட கூலி புதிய மானிட்டர் விலையில் பாதியைத் தாண்டியது.

புதியது வீட்டுக்கு வந்த அன்று, கொண்டுவந்தவர்களே பழையதை இலவசமாக எடுத்துப் போனார்கள். 2021 ஜூலையிலிருந்து இது சட்டம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஒரு புதுக் கேபிளும் இருந்தது. அதைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிட்டு, வளையம் மாட்டிய பழைய கேபிளையே செருகினேன்.