தனுஷ்கோடியிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சி: மதுரையில் எடுத்த வாடகைக் கார் எப்படி?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் ஒரு செல்ஃப் டிரைவ் கடையில் சின்ன கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நான், அண்ணன், அண்ணி, அம்மா. முதலில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்த் திரும்பி, அப்புறம் தேனி, போடிமெட்டு ஏறி மூணாறு, அங்கிருந்து கொச்சி, வரும்போது கோட்டயம், குமுளி, கம்பம் வழியாக மதுரை. செலவைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே கடல், மலை, மறுபடியும் கடல் என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். நாலு பேர் போனால் வாடகைக் கார் கட்டுபடியாகுமா? கட்டுபடியாகும், ஆனால் கடைக்காரர் சொல்கிற நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பணம் கரைகிற இடம் கிலோமீட்டர் வரம்பு.

மதுரையிலிருந்து தனுஷ்கோடி போய் வந்தாலே ஏறக்குறைய 390 கிலோமீட்டர். பெரும்பாலான கடைகளில் ஒரு நாளைக்கு 250, 300 என்று வரம்பு வைக்கிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. நாளுக்கு நாள் கணக்குப் பார்த்தால் தனுஷ்கோடி அன்றைக்கே கையைக் கடிக்கும். மொத்த நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூணாறில் வண்டி அதிகம் ஓடாத நாள் அதை ஈடுகட்டிவிடும், ஏனென்றால் முழுச் சுற்றே ஆயிரம் கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அண்ணன் இதைத்தான் முதலில் பேசினான். "மொத்தமா கணக்குப் போட்டுத் தர்றீங்களாண்ணே?" என்று கேட்டதும் கடைக்காரர் உடனே சரி என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். கேட்காமல் இருந்தால் அவராகச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது நம்பர் பலகை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது சட்டப்படி செல்ஃப் டிரைவ் வாடகை வண்டி. சிலர் வெள்ளைப் பலகைச் சொந்தக் காரைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். கேரளாவுக்குப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லி, பர்மிட், வரி எல்லாம் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், பம்பருக்கு அடியிலும், சீட், டேஷ்போர்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்தோம். டிக்கியில் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி முழு மொட்டை, விரலால் தடவினால் கோடே தட்டுப்படவில்லை. ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனர் இல்லை. இரண்டையும் மாற்றித் தந்த பிறகுதான் கிளம்பினோம். மலைப்பாதைக்குப் போகிற வண்டியைக் கொடுக்கிறவர்கள் இதைத் தாங்களே பார்த்து வைத்திருக்க வேண்டும், இந்த இடத்தில் கடைக்கு நான் மார்க் குறைக்கிறேன்.

தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது, வெகுகாலம் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டியிருந்தது, 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகு எந்தக் காரும் போகலாம். இடது கையில் பாக் ஜலசந்தி அசையாமல் கிடக்கும், வலது கையில் மன்னார் வளைகுடா அலையடிக்கும், அங்கே பெண் கடல், ஆண் கடல் என்றே சொல்கிறார்கள். காற்றில் மணல் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வேகம் வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள். குடிசைக் கடைகளில் மீன் வறுவல் சாப்பிடுவதானால் எடையையும் விலையையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை தாண்டி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி வழியாகப் போடி. டேங்கைப் போடியிலேயே நிரப்பிவிடுங்கள். கேரளாவில் பெட்ரோல் விலை எப்போதும் கூடுதல், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு. ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், போடிமெட்டு வழியில் அந்த வேலை இல்லை. இதுவும் நாங்கள் இந்த வழியைப் பிடித்ததற்கு ஒரு காரணம்.

போடிமெட்டு ஏற்றத்தில்தான் ஒரு லிட்டர் இன்ஜின் கார் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தது. நாலு பேர், நாலு பை. ஏசியை அணைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏற்றினால் திணறாமல் ஏறியது. இரண்டாவது கியரிலேயே திருப்பப் பார்த்தால் வண்டி குலுங்கியது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி, ஆனாலும் இறங்குகிற ஜீப்காரர்கள் வேகமாக வருவார்கள், ஏலத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடுகிற வண்டிகள் அவை. ஒரு வளைவில் ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தோம், கீழே போடி, தேனிப் பக்கத்துச் சமவெளி மொத்தமும் தெரிந்தது, அம்மா வெகுநேரம் வண்டியில் ஏறவே இல்லை.

பூப்பாறை தாண்டினால் ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல், அப்புறம் கேப் ரோடு என்கிற மலைப்பாதை. இந்தப் பக்கம் யானைக் காடு, 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனது இங்கிருந்துதான். இருட்டுவதற்குள் மூணாறு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மூணாறில் லாட்ஜ் வாடகை சீசனுக்குத் தகுந்தாற்போல் ஏறும். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்குக் கேரள அரசு பஸ் டிப்போவில் பழைய பஸ்ஸையே படுக்கை வண்டியாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள், 2020இல் ஆளுக்கு 100 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள், இன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அது சரிப்படாது என்று நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கினோம்.

இறக்கத்தில் அடிமாலி, வாளறை, சீயப்பாறை அருவிகள் ரோட்டோரத்திலேயே இருக்கின்றன, டிக்கெட் இல்லை. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குங்கள். எங்களுக்கு முன்னால் போன காரில் பிரேக் கருகும் வாசனை எங்கள் வண்டிக்குள் வரை வந்தது. கொச்சியில் காரை நிறுத்திவிட்டு எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள், பார்க்கிங் தேடி அலைவதைவிட மலிவு, சீன வலைகளையும் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம்.

திரும்பக் கொடுக்கும்போது எதிர்பார்த்தது நடந்தது. முன் பம்பருக்கு அடியில் ஒரு கீறலைக் காட்டி டெபாசிட்டில் பிடிப்போம் என்றார்கள். அண்ணி போனை எடுத்து முதல் நாள் வீடியோவைக் காட்டினாள், பேச்சு அதோடு முடிந்தது. டோல் கணக்கு வரட்டும் என்று மீதிப் பணத்துக்குச் சில நாள் காக்க வைத்தார்கள், பிறகு முழுதாக வந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வண்டி ஏமாற்றவில்லை, கணக்கும் கடைசியில் சரியாக இருந்தது, ஸ்டெப்னிக்கும் கீறல் பேச்சுக்கும்தான் அந்த ஒன்றரையைக் குறைத்தேன். இரண்டு பேர் மட்டும் என்றால் பஸ்ஸே போதும், மதுரை, தேனி, போடி, மூணாறு என்று மாறி மாறிப் போய்விடலாம். நாலு பேர் என்றால் காரை எடுங்கள், ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேப் ரோட்டில் மண் சரிவு அடிக்கடி வரும், ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள், பொங்கல் வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வண்டி கிடைக்காது.