குளிர்காலத்தில் டொக்கர்ட் அருவி: எந்த நாளில் போகலாம்?

உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழும் அருவியை நினைத்துக்கொண்டு போனால் ஸ்காட்லாந்தின் டொக்கர்ட் ஏமாற்றிவிடும். கில்லின் கிராமத்தின் வாசலில் ஆறு அகலமான பாறைப்படுகையில் படிப்படியாக இறங்கி, கல்பாலத்துக்கு அடியில் புகுந்து டே ஏரிக்குப் போகிறது. அவ்வளவுதான். கட்டணம் கிடையாது, மலையேறவும் வேண்டாம். நாள் சரியாக அமைந்துவிட்டால் கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் இதன் அழகு.

நல்ல மழை பெய்து ஓய்ந்து, பின்னாலேயே சில நாள் கடும் உறைபனி பிடித்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் கொஞ்சம் வடிந்து பாறையடுக்குகள் தெரியும். சாரல் படும் புல்லிலும் வேரிலும் பனிக்கட்டி தொங்கும். பனி உருகும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் பாறைகள் மூழ்கி வெறும் வெள்ளம்தான். (தண்ணீர் எப்போதுமே கடுந்தேநீர் நிறம், மேலே உள்ள பீட் நிலத்தின் (மட்கிய செடிகள் சேர்ந்த சதுப்பு மண்) சாயம் அது, அழுக்கல்ல.) ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான செபா ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது, கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் கடைசியில் மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பாலத்திலிருந்து அருவியைப் பார்ப்பது மேற்குப் பக்கமாக. அதனால் பிற்பகலில் தாழ்ந்த வெயில் நேரே லென்ஸில் அடிக்கும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நல்லது. ஷட்டர் கால் நொடி போதும். பல நொடி திறந்து வைத்தால் நுரையின் வடிவம் போய் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். லென்ஸில் பட்ட சாரலை ஊதித் துடைக்காதீர்கள், மூச்சின் ஈரமும் சேர்ந்து உறைந்துவிடும். உலர்ந்த துணி இரண்டு வேண்டும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

பாறையில் இறங்குவதுதான் பலரும் சறுக்கும் இடம். உறைந்த சாரல் நிறமற்றது, பார்த்தால் வெறும் ஈரப்பாறை போலிருக்கும். மேலே பனி மூடியிருந்தால் இடுக்குகளும் தெரியாது. காலணியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் இல்லையென்றால் பாலத்திலிருந்தே பாருங்கள். காட்சியில் பெரிய குறை வராது. பாலத்தின் மறுபக்கம் மெக்நாப் குலத்தாரின் இடுகாடு உள்ள இஞ்ச்பூயி தீவும் தெரியும்.

ஏ85 சாலையில் லிக்ஸ் டோல் சந்திப்பில் திரும்பினால் சில நிமிடத்தில் கில்லின். காலண்டர் (Callander) ஊர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு, அதற்கு முன் வரும் கிளென் ஓகிள் ஏற்றத்தில் காலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கலாம். அருவிப் பாலம் ஒடுக்கமானது, அதில் வண்டியை நிறுத்தவே கூடாது. கிராமத்துக்குள் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.