பிராட்பேண்ட் பிளாட்பார்முடன் ஆறு ஆண்டுகள்

கலிபோர்னியாக் கட்டடங்களுக்கு நில அதிர்வுப் பதிவு தேடி அலுத்தவன் நான். அளவு 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கத்தில், நிலத்தடிப் பாறை நழுவும் பிளவுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் அருகே தரை எப்படி உலுங்கியது என்று காட்டும் அசல் பதிவுகள் உலகெங்கும் தேடினாலும் கொஞ்சம்தான். அதனால்தான் அத்தகைய பதிவுகளைக் கணினியில் செயற்கையாக உருவாக்கும் மென்பொருளான, தெற்கு கலிபோர்னியா நிலநடுக்க மையத்தின் பிராட்பேண்ட் பிளாட்பார்மை நிறுவினேன். இலவசம், மூல நிரலும் கிடைக்கும். லினக்ஸ் பழகியவருக்கு நிறுவுவதில் சிரமமில்லை.

பிளவை ஒரு செவ்வகத் தளமாக வைத்து, எந்த இடம் எப்போது எவ்வளவு நழுவியது என்று மென்பொருளே ஒரு வரைபடம் போடுகிறது. நான் பயன்படுத்தும் கிரேவ்ஸ்-பிட்டார்கா முறை, 1 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு ஒரு அதிர்வு) கீழே அலைகளை இயற்பியல்படி கணக்கிடுகிறது. அதற்கு மேலே புள்ளியியல் முறையில் உருவாக்கிய அதிர்வை ஒட்டுகிறது. இந்த ஒட்டுவேலை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முழு முப்பரிமாணக் கணக்கில் அதிர்வெண் வரம்பை இரட்டிப்பாக்கினால் நிலத்தைப் பிரிக்கும் கட்டங்கள் 8 மடங்கு, நேரப் படிகள் 2 மடங்கு, ஆக வேலை 16 மடங்கு. என் அலுவலகக் கணினிக்கு ஒட்டுவேலையே போதும் என்று சமாதானமானேன்.

இதன் மேல் நம்பிக்கை வந்தது லேண்டர்ஸ் நிலநடுக்கத்தால். 1992 ஜூன் 28, மொஹாவி பாலைவனம், அளவு 7.3. முறிவு, அதாவது பிளவு உடைந்து நழுவுவது, தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி ஓடியது. ஓடிவந்த திசையில் இருந்த லூசர்ன் பதிவு நிலையம் கன்னத்தில் விழுந்ததுபோல் ஒரே பெரிய அறை வாங்கியது. முதுகுப்புறம் இருந்த ஜோஷுவா ட்ரீ நெடுநேரம், ஆனால் மெலிதாக ஆடியது. இதை மென்பொருளில் போட்டுப் பார்த்த என் முதல் ஓட்டத்திலோ அறை வாங்கியது ஜோஷுவா ட்ரீ! இரண்டு நாள் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது. முறிவு தொடங்கும் புள்ளியைப் பிளவின் தெற்கு ஓரத்திலிருந்து அளந்து எழுதியிருந்தேன். இங்கே நடுவிலிருந்து அளக்க வேண்டும், ஒரு பக்கம் கழித்தல் குறியோடு. புள்ளி வடக்குப் பாதிக்குத் தாவியதால் முறிவின் பெரும்பகுதி தெற்கே பாய்ந்திருக்கிறது. திருத்தியதும் லூசர்னில் அந்த அறை விழுந்தது. பிழை செய்தபோதும் இயற்பியல்படி சரியாகவே பிழை காட்டிய கருவி இது.

இப்போதெல்லாம் ஒற்றை ஓட்டத்தை யாரிடமும் காட்டுவதில்லை. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மட்டும் மாற்றுங்கள்: அதே பிளவு, அதே அளவு, அதே நிலையம், வேறு உச்ச முடுக்கம். 50 ஓட்டங்கள் போட்டுப் பரவலைக் கொடுக்கிறேன். "இதில் எது சார் உண்மையானது?" என்று கட்டமைப்புப் பொறியாளர்கள் கேட்காத கூட்டமே இல்லை.

பெரிய குறை ஒன்றுண்டு. நிலத்தைக் கிடையான அடுக்குகளாகவே பார்ப்பதால், வண்டல் மண் நிரம்பிய பள்ளமான படுகைக்குள் அலைகள் சிக்கிச் சுழல்வது இதில் வராது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 7.7 அளவை வைத்து 2004-இல் சூப்பர் கம்ப்யூட்டரில் நடத்திய டெராஷேக் என்ற முப்பரிமாணக் கணிப்பில், படுகைகளின் வரிசையே குழாய்போல் அலைகளை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டுசென்றது. 200 மீட்டர் இடைவெளியில் 180 கோடி கட்டங்கள், அப்படியும் 0.5 ஹெர்ட்ஸ் வரைதான்.

ஆகவே பாறையிலோ கெட்டி மண்ணிலோ குட்டையான கட்டடம் என்றால் தயங்காமல் இதையே எடுப்பேன். படுகை நடுவே நாற்பது மாடி வந்தால், சூப்பர் கம்ப்யூட்டர் நேரம் வைத்திருக்கும் பல்கலைக்கழக நண்பரின் வாசலில் போய் நிற்கிறேன்.