ஜோபாவா லண்டனா, வெரேசோவா? குதிரை சி3-க்கு வந்த பிறகு பிஷப் போக வேண்டிய கட்டம்

சதுரங்கத்தில் வெள்ளைக்காய்களோடு 1. டி4 (ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) என்று தொடங்குபவர்கள் சி சிப்பாயை சி4-க்குத் தள்ளிவிட்டுத்தான் பெரும்பாலும் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவார்கள். அதைத் தள்ளாமலே 1. டி4 டி5 2. குதிரை சி3 குதிரை எஃப்6 என்று போனால், மூன்றாவது நகர்த்தலில் வழி இரண்டாகப் பிரிகிறது. 3. பிஷப் ஜி5 என்றால் வெரேசோவ் என்ற தொடக்க ஆட்டம். சோவியத் ஆட்டக்காரர் காவ்ரீல் வெரேசோவின் (1912–1979) பெயர் அதற்கு. 3. பிஷப் எஃப்4 என்றால் ஜோபாவா லண்டன். ஜார்ஜியாவின் பாதூர் ஜோபாவாவோடு ஹங்கேரியில் பிறந்த ரிச்சர்ட் ராப்போர்ட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு.

பிஷப் நிற்பது ஒரு கட்டம்தான் தள்ளி. ஆனால் குறி வேறு. வெரேசோவின் கண் இ4 மீது: எஃப்6 குதிரையை நெருக்கிவிட்டு மையத்தை உடைக்கப் பார்க்கிறது. ஜோபாவாவின் கண் சி7 மீது.

ஜோபாவாவில் தெரியாதவர் விழும் இடம் 3...இ6 (மூன்று புள்ளி கறுப்பின் நகர்த்தல்; × என்றால் வெட்டு). உடனே 4. குதிரை பி5. சி7-ஐ இப்போது குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன. 4...பிஷப் டி6 என்று தடுத்தால் 5. குதிரை×டி6 செக், சி×டி6: கறுப்புக்கு டி வரிசையில் இரட்டைச் சிப்பாய், வெள்ளைக்கு இரண்டு பிஷப்பும் மிச்சம். அந்த டி6 சிப்பாயைப் பிஷப்பால் வெட்டப் போகாதீர்கள். ராணியின் காவலில் இருக்கிறது. கறுப்பு ஆட வேண்டியது 4...குதிரை ஏ6. பிறகு ...சி6 வந்து நம் குதிரை சி3-க்குத் திரும்பும். நமக்கும் நகர்த்தல் வீண்தான், ஆனால் ஓரத்தில் மாட்டிக்கொண்ட கறுப்புக் குதிரையும் சி7 வழியாகத்தான் ஆட்டத்துக்குள் வர முடியும்.

3...பிஷப் எஃப்5-க்கு 4. எஃப்3, பிறகு ஜி4, எச்4. பின்வாங்க எச்7 கட்டம் வேண்டுமென்று கறுப்பு ...எச்6 ஆடும், அதற்குள் ராஜா பக்கத்தில் நமக்கு நிறைய இடம் கிடைத்துவிடும்.

உண்மையான சோதனை 3...சி5. 4. இ3 சி×டி4 5. இ×டி4 ஏ6 என்றதும் பி5 கட்டம் அடைபட்டுப்போகிறது. சி சிப்பாயின் வழியில் குதிரை நிற்பதால் டி4-க்கு சி3-இலிருந்து முட்டுக் கொடுக்கவும் ஆளில்லை. இங்கே அவசரப்படாமல் 6. குதிரை எஃப்3 பிஷப் ஜி4 7. எச்3 பிஷப்×எஃப்3 8. ராணி×எஃப்3 குதிரை சி6 என்று போய், 9-இல் ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்தால் யானையே டி4-ஐக் காத்துக்கொள்ளும். அடுத்து ஜி4 வரலாம். பெரிய அனுகூலம் இல்லை; ஆனால் ஆடத் தெரிந்தவருக்கு வேலை செய்ய இடமுள்ள நிலை.

வெரேசோவின் சிக்கல் வேறு மாதிரி. கறுப்பு 3...குதிரை பிடி7 (பி8 குதிரை டி7-க்கு) என்று இன்னொரு குதிரையால் முட்டுக் கொடுத்துவிட்டால், எஃப்6-இல் வெட்டிச் சிப்பாய்களை இரட்டிப்பாக்கும் மிரட்டல் போய்விடுகிறது. இ4-க்காக 4. எஃப்3 ஆடுவதுதான் துணிச்சலான வழி, ஆனால் பலர் அடிபடுவதும் இங்கேதான்: 4...சி6 5. இ4 டி×இ4 6. எஃப்×இ4 இ5! சிப்பாயை 7. டி×இ5 என்று வெட்டினால் 7...ராணி ஏ5. ஐந்தாம் வரிசையில் ராணிக்கும் நம் ஜி5 பிஷப்புக்கும் நடுவே அந்த இ5 சிப்பாய் மட்டுமே நிற்கிறது. 8. இ×எஃப்6 ராணி×ஜி5 9. எஃப்×ஜி7 பிஷப்×ஜி7. எண்ணிப் பார்த்தால் ஒரு சிப்பாய் நமக்கு அதிகம். ஆனால் கறுப்புக் கட்டங்களில் எதிர்க்க நமக்குப் பிஷப் இல்லை, ராஜா நடுவில், ஜி7 பிஷப் முழு மூலைவிட்டத்தையும் ஆள்கிறது. கறுப்பின் பக்கம் உட்காரவே எனக்கு விருப்பம். 4. குதிரை எஃப்3 அமைதியான மாற்று. அதில் வெரேசோவின் கூர்மை பாதி போய்விடும்.

மற்ற பதில்களில் வெரேசோவ் நன்றாகவே நிற்கிறது. 3...சி5-க்கு 4. பிஷப்×எஃப்6 ஜி×எஃப்6 5. இ4 என்று மையத்தைத் திறக்கலாம். 3...இ6-க்கு 4. இ4 ஆடினால் 1. இ4 இ6 என்று தொடங்கும் பிரெஞ்சு டிஃபென்ஸின் கிளாசிக்கல் வழிக்கு நேராகப் போய்விடுவோம். இ4-உம் ஆடிப் பழகியவருக்கு இது லாபம். டி4 மட்டுமே தெரிந்தவருக்குப் புதிய பாடச்சுமை.

அதனால் டி4-ஐ மட்டும் நம்பி ஆடும் கிளப் ஆட்டக்காரருக்கு ஜோபாவாவைத்தான் பரிந்துரைப்பேன். பிரெஞ்சை வெள்ளைக்காய்களோடு ஆடியவர் வெரேசோவை எடுக்கலாம்.

எதை எடுத்தாலும் நகர்த்தல் வரிசையில் கவனம் வேண்டும். 1. டி4 குதிரை எஃப்6 2. குதிரை சி3-க்குக் கறுப்பு ...டி5 ஆடியே தீர வேண்டும் என்றில்லை. 2...ஜி6 3. இ4 டி6 என்றால் அது பிர்ட்ஸ் என்ற வேறொரு தற்காப்பு ஆட்டம். அதற்கு ஒரு திட்டம் கையில் இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஜோபாவாக்காரர்கள் சிலர் 2. பிஷப் எஃப்4 முதலில் ஆடிவிட்டு, ...ஜி6 வந்தால் 3. குதிரை சி3 என்று இ4-ஐ மிரட்டுகிறார்கள்; பல சமயம் கறுப்பே ...டி5 ஆடிவிடும். ஆனால் 1...டி5 2. பிஷப் எஃப்4 சி5 என்று எதிராளி முந்திக்கொண்டால் குதிரையை சி3-இல் வைக்க வேண்டாம்: இ3, சி3 என்று வழக்கமான லண்டனுக்கே திரும்பிவிடுங்கள்.