பெங்களூரில் எஸ்ஏபி வைத்து ஓட்டும் சின்னக் கம்பெனிகள் கவனத்துக்கு

பீன்யா, ஜிகணி பக்கம் எஸ்ஏபி, அதாவது கம்பெனியின் சரக்கு, கணக்கு எல்லாம் ஓடும் சாஃப்ட்வேர், வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எந்த எரர் வந்தாலும் சரிபண்ணித் தருகிறேன் என்று ஒருவர் சுற்றுகிறார். எங்கள் கம்பெனியில் 35,000 ரூபாய் கறந்துவிட்டார்.

ஏப்ரல் முதல் வாரம். ஓசூரிலிருந்து வந்த காஸ்டிங் லாரி கேட்டில் நிற்கிறது. எஸ்ஏபியில் சரக்கு வரவைப் பதியும் மிகோ திரையில் ஜிஆர் (சரக்கு வரவு) போட்டால், 12, 11-ஆம் பீரியடுகளில் (கணக்கு மாதங்களில்) மட்டுமே போஸ்டிங், அதாவது பதிவு, செய்ய முடியும் என்று அடியில் சிவப்பாக ஒரு வரி. சரக்கு உள்ளே ஏறவில்லை, டிஸ்பாட்சும் நின்றுவிட்டது. சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் மார்ச்சில்தான் வேலையை விட்டிருந்தார், சப்போர்ட் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. யாரோ கொடுத்த நம்பரில் இவர் கிடைத்தார். எடுத்ததுமே, "சாருக்கு சேலமா, தர்மபுரியா?" பெங்களூரில் இந்த ஒரு கேள்வி போதாதா, முதலாளி குளிர்ந்துபோனார்.

தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்தவர், "டேட்டாபேஸ் கரப்ட் ஆகியிருக்கு சார், விட்டா பழைய ஸ்டாக்கும் போயிடும்" என்றார். எஸ்ஏபி ஆல் என்ற, சிஸ்டத்தில் எதையும் செய்யவிடும் அதிகாரத்தோடு ஐடி கேட்டார். அது வாசல் சாவியோடு பீரோ சாவியையும் கொடுப்பதுபோல. பணம் ஏறியதும், ராத்திரிதான் வேலை செய்வேன், திரையை யாரும் பார்க்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. காலையில் எல்லாம் ஓடியது.

மே பிறந்ததும் அதே சிவப்பு வரி. "மறுபடி கரப்ட் சார், இந்தத் தடவை இருபதாயிரம் போதும்."

சென்னையில் எஸ்ஏபி வேலையில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். "மாமா, அந்த மெசேஜை டபுள் கிளிக் பண்ணுங்க, நம்பர் என்ன வருது?" எம்7 053. சிரித்துவிட்டான்.

விஷயம் இவ்வளவுதான். சரக்குக் கணக்கில் மாதாமாதம் புது பீரியடைத் திறக்க வேண்டும். எம்எம்பிவி என்று அடித்து, கம்பெனி கோடும் பீரியடும் கொடுத்து ஓட்டினால் முடிந்தது. ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கில் ஏப்ரல்தான் 1-ஆம் பீரியட். முதல் தடவை எங்களுடையது மார்ச்சிலேயே, அதாவது 12-லேயே நின்றிருக்கிறது. பீரியட் திறப்பதைத் தானாகச் செய்துவந்த ஜாப் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை), மார்ச்சில் வேலையை விட்டுப் போனவருடைய ஐடியில் ஓடியது. ஐடியை நீக்கினோம், ஜாபும் விழுந்துவிட்டது. ஜாப்களின் நிலையைக் காட்டும் எஸ்எம்37-இல் பார்த்தால் கேன்சல் ஆகிக் கிடக்கிறது. இதே மாதிரி பீரியட் திறக்கவில்லை என்று எஃப்5 201 வந்தால் அது ஃபைனான்ஸ் பக்கம், ஓபி52-இல் பார்க்க வேண்டியது. இரண்டுமே டேட்டாபேஸ் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை.

அப்புறம் யார் எதை ஓட்டினார்கள் என்று காட்டும் எஸ்டி03என்-இல் ஏப்ரல் மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். அவருக்குக் கொடுத்த ஐடியில் ஓடியவை இரண்டே இரண்டு. ஒன்று எம்எம்பிவி. இன்னொன்று எஸ்யூ01, அதாவது புது யூசர் உருவாக்கும் இடம். வயிற்றைக் கலக்கியது அதுதான். யாருக்கு என்ன அதிகாரம் என்று காட்டும் எஸ்யூஐஎம்-இல் எஸ்ஏபி ஆல் யாரிடம் இருக்கிறது என்று தேடினால், டெஸ்ட் என்று தொடங்கும் ஓர் ஐடி, யாருக்கும் தெரியாமல். உடனே பூட்டினோம். நீங்களும் யாரையாவது உள்ளே விட்டிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பேக்கப் எடுத்த கூலி சார் அது" என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இப்போது ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பிடிக்கிறாராம். பேச்சு ஊரைக் கேட்டுத்தான் தொடங்கும்.