ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்: 1978 அச்சா, மறுவெளியீடா?

பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் உருவான ரெகே இசைக்குழு ஸ்டீல் பல்ஸின் முதல் ஆல்பம் இது. வினைல் தட்டாக வாங்குவதானால் 1978-இல் அச்சடித்த பழைய பிரதியா, பின்னாளில் வந்த மறுவெளியீடா என்பதே கேள்வி. தயாரித்தவர் கார்ல் பிட்டர்சன், வெளியிட்டது ஐலண்ட் இசை நிறுவனம். பக்கத்துக்கு நான்கு பாட்டு, எல்லாம் இருபது நிமிடத்துக்குள். பாஸ் ஆழமாக இருந்தால், ஊசி ஓடும் பள்ளமான தடம் அகலமாக அலைந்து தட்டில் இடத்தைத் தின்னும். இந்த ஆல்பத்தில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. ஆகவே பாஸ் மெலிந்து கேட்கும் அச்சு எதுவானாலும், பக்க நீளத்தைக் காரணம் சொல்ல முடியாது.

பழைய அச்சின் பலம், மூல ஒலிநாடா புதிதாக இருந்தபோதே அதிலிருந்து தடம் வெட்டப்பட்டது. பலவீனம் தேய்மானம். பார்ட்டிகளில் கனமான ஊசிகளில் ஓடிய தட்டு பளபளப்பாகவே தெரியும். ஹை-ஹாட்டும் (டிரம் செட்டின் ஜோடித் தாளத்தட்டு) பாடகரின் ‘ஸ’ ஒலியும் கரகரக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. சோதிக்க, முதல் பக்கக் கடைசிப் பாட்டான ‘சவுண்ட் செக்’கைப் போடுங்கள். தட்டின் விளிம்பில் தடம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உட்பகுதியில் 21 செ.மீ.தான். அதே ஒலி நெருக்கிப் பதிவதால் தேய்மானம் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

மறுவெளியீட்டில் தேய்மானம் இல்லை, வேறு சிக்கல்கள் உண்டு. நடுத்துளை விலகியிருந்தால் நீண்ட ஆர்கன் சுரம் ஏறி இறங்கும். அச்சில் வினைல் சரியாக நிரம்பாத இடத்தில் துணி கிழிவதுபோல் சத்தம் வரும். இரண்டுக்கும் தட்டை மாற்றி வாங்குவதே வழி. அட்டையில் ‘180 கிராம்’ என்றிருப்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள், எடையால் தடம் மாறுவதில்லை. டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியதென்றாலும் ஒதுக்க வேண்டாம். ஆனால் சிடிக்காக ஒலியை நசுக்கிய மாஸ்டரை, அதாவது இறுதி மூலப் பதிவைப் பயன்படுத்தியிருந்தால் டிரம் அடி தட்டையாகிவிடும், ரெகேயின் உயிரான இடைவெளி அடைபட்டுவிடும். அது மன்னிக்க முடியாத குறை.

தட்டைக் குறை சொல்லுமுன், ஊசி தட்டில் அழுத்தும் எடையைத் தராசில் பாருங்கள். அது ஊசி பொருந்திய கேட்ரிட்ஜைப் பொறுத்தது: ஆர்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு 2 கிராம். மற்ற தட்டுகளின் கடைசிப் பாட்டுகளும் கரகரத்தால் கேட்ரிட்ஜ் பொருத்திய கோணம் தப்பாக இருக்கலாம்.

கடையில் போட்டுக் கேட்க முடிந்தால் பழையதையே வாங்குங்கள். படத்தை மட்டும் நம்பி இணையத்தில் வாங்குவதானால் மறுவெளியீடு. வந்த அன்றே இரு பக்கமும் முழுதாக ஓட்டிக் கேளுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.