ஸ்டிக்கரை நம்பாமல் காஸ் மீட்டர் ஓட்டுவது எப்படி: கடலூரிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தேதி முடியாத கேலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டர் சரியாகத்தான் காட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர் சிப்காட் பக்கம் பம்ப் ஷாஃப்ட், பைப், கியர் போன்றவற்றுக்குக் காந்தத்துகள் சோதனை செய்வது எங்கள் வேலை. விரிசல் தேடுவதற்காகக் காந்தமேற்றிய இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சம் தங்கும். அதை இறக்கிவிட்டு, உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று பார்க்கக் கையடக்க காஸ் மீட்டர் வைத்திருக்கிறோம். காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு. பல வேலைகளில் 3 காஸுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பைப் முனையில் மிச்சம் அதிகமாக இருந்தால் நமக்கு முன்னால் வெல்டருக்குத் தெரிந்துவிடும். ஆர்க் ஒரு பக்கமாக இழுக்கும், உடனே போன் வரும்.

எங்களுடையது ஹால் ப்ரோப் வகை. ப்ரோப் என்பது புலத்தை உணரும் குச்சி. மெல்லிய குறைகடத்தித் துண்டில் மின்சாரம் ஓடும்போது குறுக்கே காந்தப்புலம் பட்டால், பக்கவாட்டில் ஒரு சின்ன மின்னழுத்தம் எழும். 1879இல் எட்வின் ஹால் கண்டது இது. அந்தச் சின்ன மின்னழுத்தத்தைத்தான் மீட்டர் பெருக்கிக் காட்டுகிறது. சூடு ஏறினால் அதுவும் நகரும். ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு மே மாத வெயிலில் யார்டுக்குப் போனால், பக்கத்தில் எந்த இரும்பும் இல்லாமலே எண் மெல்ல ஓடுவதைப் பார்க்கலாம். வெளியே வைத்துக் கொஞ்ச நேரம் பழகவிட்டு, அப்புறம் ஸீரோ செய்தால் நிற்கும்.

இனி சான்றிதழ் விஷயம். வருடம் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். ஒருமுறை வந்த சான்றிதழை நிதானமாகப் படித்தபோதுதான் பார்த்தேன்: சோதித்த புள்ளிகள் எல்லாமே நூறு காஸுக்கு மேல். நாங்கள் மீட்டரை நம்புவதோ 3 காஸில்! ஆயிரம் காஸில் ஒரு சதவீதப் பிழை என்றால் 10 காஸ். அந்த அளவில் அது நல்ல மீட்டர்தான். ஆனால் அந்த எண்ணிலிருந்து 3 காஸுக்கு எதுவும் தெரியாது. அங்கே ஆட்சி செய்வது ஸீரோ பிழைதான், அதாவது புலமே இல்லாதபோதும் மீட்டர் காட்டும் எண். இப்போதெல்லாம் அனுப்பும்போதே எந்தெந்தப் புள்ளியில், எந்த ரேஞ்சில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கேட்டால் செய்து தருகிறார்கள், கேட்காவிட்டால் அவர்களுக்கு வசதியான புள்ளிகள்தான் வரும்.

ஸீரோ பார்க்க மீட்டரோடு ஒரு சின்னக் குழாய் தருவார்கள். மியூ மெட்டல் எனும் நிக்கல் இரும்புக் கலவையில் செய்தது, வெளிக் காந்தப்புலத்தை உள்ளே விடாது. ப்ரோப்பை அதற்குள் செருகி ஸீரோ அழுத்த வேண்டும். பையன்கள் இதைப் பேனா மூடி போலத் தூக்கிப் போடுவார்கள். கீழே விழுந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாது, ஆனால் மறைக்கும் திறன் குறையும். வலுவான காந்தத்தின் பக்கத்தில் வைத்தாலும் கெடும். அதனால் எங்கள் கடையில் அதற்குத் தனி டப்பா, உள்ளே ஸ்பாஞ்ச்.

குழாய் மேலேயே சந்தேகம் வந்தால் பூமி இருக்கிறது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.4 காஸ். பூமியின் புலம் முழுக்கப் படுக்கையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, அதிகத் தூரமில்லாமல் போவதால் இங்கே அந்தப் புலம் கிட்டத்தட்ட படுக்கையாகவே இருக்கிறது. டெல்லியில் நன்றாகச் சாய்ந்து இறங்கும். ஆகவே ஆக்சியல் ப்ரோப்பை (தன் நீளவாட்டில் வரும் புலத்தை அளப்பது) கிடையாக வடக்கே காட்டினால் ஒரு எண், அப்படியே திருப்பித் தெற்கே காட்டினால் எதிர்க்குறியோடு அதே எண் வர வேண்டும். வடக்கே 0.6, தெற்கே மைனஸ் 0.2 என்று வந்தால், இரண்டின் சராசரியான 0.2தான் ஸீரோ பிழை. செலவே இல்லாத சோதனை.

நிற்கும் இடம் மட்டும் முக்கியம். பைக், ஷட்டர், கம்பி கட்டிய தூண் எதுவும் அருகில் கூடாது. மும்பை கொலாபாவில் இருந்த காந்தவியல் ஆய்வகத்தையே மின்சார டிராம் வருகிறது என்று 1904இல் அலிபாகுக்கு மாற்றினார்கள், நம் ஷட்டர் எம்மாத்திரம். போனில் உள்ள சென்சாரும் நல்ல இடத்தில் 40 மைக்ரோடெஸ்லா அளவில் காட்டும், அதாவது அதே 0.4 காஸ். இடம் சுத்தமா என்று பார்க்க அது போதும், மீட்டரைத் திருத்தப் போதாது.

ஸீரோ சரி, 3 காஸ் சரியாக வருகிறதா? அதற்கு ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் செய்துகொண்டோம், நடுவில் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய சீரான புலம் தரும் இரட்டை வளையம் அது. 200 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் இரண்டு வளையம் வெட்டி, மோட்டார் வைண்டிங் கடை அண்ணனிடம் கொடுத்து வளையத்துக்கு நூறு சுற்று எனாமல் கம்பி போட்டு வாங்கினேன். "என்ன மோட்டார் தம்பி இது, ரோட்டரே இல்ல?" என்றார். இரண்டையும் ஆரத்தின் அளவான 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, தொடராக இணைத்து 1 ஆம்பியர் விட்டால் நடுவில் ஏறத்தாழ 9 காஸ். மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு 3 காஸ். மரப் பலகையில், சுருளின் அச்சு கிழக்கு மேற்காக இருக்கும்படி வைக்கிறோம். மின்சாரத்தைத் திருப்பிவிட்டு இன்னொரு முறை படித்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் பூமியின் புலமும் ஸீரோ பிழையும் கழிந்துவிடும். சுற்று எண்ணிக்கையும் ஆரமும் மாறப்போவதில்லை, ஆம்பியர் மீட்டர் மட்டும் நம்பகமாக இருக்க வேண்டும். இதற்கு யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். ஆனால் இரண்டு கேலிபரேஷனுக்கு நடுவில் மீட்டர் நகர்ந்ததைக் காட்டிக்கொடுத்தது இதுதான்.

மீட்டரைச் சரிபார்க்கப் பெட்டியில் வரும், புலம் தெரிந்த ரெஃபரன்ஸ் காந்தத்தையும் சொல்ல வேண்டும். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.1 சதவீதம் இறங்கும். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி என்றால் ஒரு சதவீதம் போச்சு. அல்நிகோ எனும் இன்னொரு வகைக் காந்தம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நகரும். ப்ரோப்பைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதை. எட்டு டிகிரி சாய்வுக்கே ஒரு சதவீதம் குறையும்.

குறை என்றால் ப்ரோப்தான். நுனி மெல்லியது, வளைத்தால் போச்சு. பழைய துறைமுகம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூக்கும், எண் தாவ ஆரம்பிக்கும். துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் தாங்குகிறது. ப்ரோப் மாற்றினால் பழைய சான்றிதழ் அந்த ஜோடிக்குச் செல்லாது. மீட்டரையும் புது ப்ரோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள், இரண்டின் சீரியல் எண்ணும் சான்றிதழில் இருக்கிறதா என்று கூரியர் பையன் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்.